வீணையும் மிருதங்கமும் வெளிநாடு போகும்போது: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரிலும் சென்னையிலும் செய்த வாத்தியங்களைப் பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பித் தருவது பல வருடமாக என் வேலை. பாதிக்கு மேல் வீணைதான். டொராண்டோ, லண்டன், சிட்னி, நியூ ஜெர்சி என்று போகும். போன் செய்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்று. நான் முதலில் திருப்பிக் கேட்பது "அது எதனால் செய்தது?" என்று. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எதனால் செய்தது என்று ஏன் கேட்கிறீர்கள்? வாத்தியம் வாத்தியம்தானே?

உங்களுக்கு அது வாத்தியம். எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு அது மரம், தோல், கொம்பு, சுரைக்காய். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கு மேல் நம் நாட்டின் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். இரண்டில் எதில் மாட்டினாலும் பெட்டி நகராது. வரி பாக்கி என்றால் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். தடை செய்த பொருள் என்றால் கட்டுவதற்கு எதுவும் இல்லை, வாத்தியமே போய்விடும்.

நல்ல செய்தி என்னவென்றால் நம் வாத்தியங்களில் பெரும்பாலானவை பலா மரம். வீணை, மிருதங்கம், தவில் மூன்றும் பலாதான். பலா எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. நாதஸ்வரத்துக்கான ஆச்சா மரமும் அப்படியே. இன்வாய்ஸில் 'மரம்' என்று மட்டும் எழுதாமல், பலாவின் தாவரவியல் பெயரான ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டரோஃபில்லஸ் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அமெரிக்காவில் லேசி சட்டப்படி மரப்பொருளுக்கு அறிவிப்பு கேட்டால் அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள். மற்ற நாட்டு அதிகாரிக்கும் அது ஈட்டியா, செம்மரமா என்ற குழப்பம் வராது.

கஞ்சிரா அனுப்பலாமா?

தோல் என்ன என்று பாருங்கள். உடும்புத் தோல் என்றால் கூடாது. 'கொஞ்சம் பழசு', 'குருநாதர் கொடுத்தது', 'ஒன்றே ஒன்றுதான்' என்ற எதுவும் செல்லாது. உடும்பு நம் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சைட்டீஸிலும் மிகக் கடுமையான பட்டியலான முதல் இணைப்பில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் கஸ்டம்ஸ்காரர்கள் வனவிலங்கு குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தைக் கூப்பிடுவார்கள். அப்புறம் அது சரக்கு விஷயமாக இருக்காது, வழக்காகிவிடும். கைப்பையில் வைத்துக் கொண்டுபோவதும் இதே கதைதான்.

ஆட்டுத்தோல் கஞ்சிராவும் செயற்கைத் தோல் கஞ்சிராவும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. நாதம் ஒன்றல்ல என்று வித்வான்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் செயற்கைத் தோலுக்கு ஒரு லாபம் உண்டு: வெளிநாட்டுக் குளிரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுருதி இறக்கும் பாடு இல்லை.

பாட்டியின் பழைய வீணை வீட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்கு அனுப்ப வேண்டும்.

என்னைக் கொஞ்சம் தயங்க வைக்கும் கேள்வி இது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலில் வேலைப்பாடு. குடத்தின் (வீணையின் உருண்டைப் பகுதி) விளிம்பிலும் தண்டியின் (அதன் நீளமான பகுதி) ஓரத்திலும் வெள்ளையாக ஓடும் பட்டையைப் பாருங்கள். இன்றைய வீணைகளில் அது பிளாஸ்டிக். பழைய வீணைகளில் அது தந்தமாக இருக்கலாம், மான் கொம்பாகவும் இருக்கலாம். ஒரு லென்ஸ் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்: பிளாஸ்டிக் ஒரே சீராக இருக்கும், தந்தத்தில் மெல்லிய ரேகைகள் ஓடும், கொம்பில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். சிலர் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம், நல்ல வீணையில் ஓட்டை போடாதீர்கள். பரம்பரையாக வீணை செய்பவர் ஒருவரிடம் காட்டினால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தந்தமோ மான் கொம்போ இருந்தால், அனுமதி இல்லாமல் அதை அனுப்ப நினைக்காதீர்கள். அந்தப் பட்டையை மட்டும் பிரித்து பிளாஸ்டிக் வைத்து அனுப்பியவர்கள் உண்டு. கைதேர்ந்த ஆள் செய்தால் வீணைக்குக் கேடில்லை.

இரண்டாவது வயது. 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் வீணை 60, 70 வருடம்தான் என்றாலும் பார்ப்பதற்குப் பழசாக இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. அந்தத் துறையின் சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. நாலு பக்கமும் எடுத்த படங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு ஆரம்பிக்கிற வேலை இல்லை இது.

கிட்டார், வயலின்? ரோஸ்வுட் பிரச்சினை என்கிறார்களே?

அது பாதி பழைய கதை. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் அனுமதிச் சீட்டு கேட்கும் சைட்டீஸ் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள். கிட்டார்காரர்கள் திண்டாடினார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு வந்துவிட்டது. நம் ஈட்டி மரத்தில் செய்த வாத்தியத்துக்கும் அது பொருந்தும். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் தனி. அது 1992 முதலே முதலாம் இணைப்பில் இருக்கிறது, இந்த விலக்கு அதற்குக் கிடையாது.

வயலினில் கவலை பெரும்பாலும் வில்லில்தான். பழைய ஐரோப்பிய வில் என்றால் நுனியில் தந்தத் துண்டு, பிடியில் ஆமை ஓடு எல்லாம் இருக்கலாம். வில்லின் மரமே பெர்னாம்புகோ என்ற பிரேசில் மரம் என்றால் அதற்கும் தனி விதிகள் உண்டு. மாணவர் வில்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டு, பழைய வில்லை வீட்டிலேயே வைப்பது சுலபமான வழி.

மிருதங்கத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினால் எரித்துவிடுவார்களாமே?

எடுத்த எடுப்பில் எரிக்க மாட்டார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தோல், விதை, மண், பூச்சி விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவை. தோல் இருக்கிறது என்று நாமே முன்கூட்டி எழுதிவிட வேண்டும். கையில் கொண்டுபோனால் நாட்டுக்குள் நுழையும்போது தரும் அறிவிப்பில் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். பார்த்துவிட்டு விட்டாலும் விடுவார்கள். பூச்சிநீக்கம் செய்யச் சொன்னால் செலவு நம்முடையது. அதற்கு ஒப்பாவிட்டால் திருப்பி அனுப்புவது அல்லது அழிப்பது. மறைத்து மாட்டினால் அபராதம்.

இங்கிருந்து கிளம்புவதற்கு முன் செய்யக்கூடியது நிறைய. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பிய ரவையைச் சுத்தமாக வழித்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் காய விடுங்கள். காய்ந்த ரவைதான் வண்டுக்கு விருந்து. தோல் வாரின் அடியில் ரோமம் ஒட்டிக்கொண்டிருந்தால் மழித்துவிடுங்கள். வார் பிடித்த மிருதங்கத்துக்குப் பதில் நட்டு போல்ட் வைத்ததை வாங்கினால் தோல் பகுதி குறையும், அங்கே மூட்டு (வாய்ப்பக்கத் தோல்) மாற்றுவதும் சுலபம். வீணை போகிறது என்றால் தண்டியின் அடியில் இருக்கும் சுரைக்குடுக்கையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே விதை ஒன்று உருண்டால்கூட வெளியே எடுங்கள். ஃபைபர் குடுக்கை போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

கடம்?

சுட்ட மண் பிரச்சினை இல்லை. பிரச்சினை வைக்கோல். மானாமதுரையிலிருந்து வரும் கடம் வைக்கோல் சுற்றி வரும், அதை அப்படியே பெட்டியில் வைத்து அனுப்பினால் வைக்கோலுக்காகப் பெட்டி நிற்கும். ஃபோம் போட்டு, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்து அனுப்புங்கள். அப்படியும் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். கடத்தை மடியில் வைத்துக் கொண்டுபோகிறவர்தான் புத்திசாலி.

சரி, எவ்வளவு ஆகும்? வீணை 9 கிலோதானே?

9 கிலோவுக்குப் பணம் வாங்க மாட்டார்கள், அது அடைக்கும் இடத்துக்கு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, கூரியர் என்றால் 5000 ஆல் வகுப்பார்கள், விமானச் சரக்கு என்றால் 6000 ஆல். எங்கள் வீணைப் பெட்டி ஒன்று 135, 45, 40. பெருக்கினால் 2,43,000. கூரியர் கணக்கில் 48.6 கிலோ, விமானச் சரக்கில் 40.5 கிலோ. பெட்டியோடு தராசில் 18 கிலோதான் காட்டும். பில்லில் இருக்கும் 49 கிலோவைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டை போட்டவர்கள் நிறையப் பேர்.

அதனால் வீணைக்கு நான் பெரும்பாலும் விமானச் சரக்கைத்தான் சொல்வேன். அங்கே பெறுபவரே விமான நிலையத்துக்குப் போய் கஸ்டம்ஸ் முடித்து எடுக்க வேண்டும், அரை நாள் வேலை. அது முடியாது என்பவர்கள் கூரியர். மிருதங்கம் 70, 38, 38 பெட்டியில் சுமார் 20 கிலோ கணக்கு வரும், அதற்குக் கூரியரே போதும்.

தபாலில் அனுப்ப முடியாதா?

மிருதங்கம் பல நாடுகளுக்குப் போகும். வீணை போகாது. பன்னாட்டுத் தபால் பார்சலுக்குப் பல நாடுகளில் உள்ள அளவு: எந்தப் பக்கமும் 1.5 மீட்டருக்கு மேல் கூடாது, நீளத்தோடு சுற்றளவைக் கூட்டினால் 3 மீட்டருக்கு மேல் கூடாது. நம் வீணைப் பெட்டி 135, சுற்றளவு 170, மொத்தம் 305. ஐந்து சென்டிமீட்டரில் தோற்கிறது. பெட்டியை இறுக்கிச் சின்னதாக்கலாமே என்பார்கள். அந்த ஐந்து சென்டிமீட்டர்தான் வீணையைக் காப்பாற்றும் ஃபோம்.

பெட்டி கட்டுவது எப்படி? நாங்களே செய்யலாமா?

செய்யலாம். என் முதல் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதையே திருப்பிச் செய்யாமல் இருப்பீர்கள். வீணையை பபுள் ராப்பில் பொம்மை மாதிரி சுற்றினேன், குடுக்கையைக் கழற்றவில்லை, பெட்டிக்குள் தெர்மோகோல் துண்டுகளைக் கொட்டி மூடினேன். டொராண்டோவில் திறந்தபோது எடுத்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. துண்டுகள் எல்லாம் ஒரு மூலைக்குச் சரிந்திருந்தன. குடுக்கையில் கைவிரல் நுழைகிற ஓட்டை. தண்டியின் நுனியில் செதுக்கிய யாளித் தலை கழுத்தோடு பிரிந்து தொங்குகிறது. பெட்டியை எங்கோ செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள், முழு எடையும் யாளியின் தலையில் இறங்கியிருக்கிறது. தவறு என்னுடையதுதான், பெட்டி எப்படி நின்றாலும் தாங்கும்படி நான் கட்டியிருக்க வேண்டும்.

இப்போது செய்வது இது. குடுக்கையைத் திருகிக் கழற்றி, உள்ளே பழைய பருத்தித் துணி அடைத்து, தனி அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவோம். தந்திகளைத் தாங்கும் குதிரையின் கால் நிற்கும் இடத்தைச் சுற்றி பென்சிலால் கோடு. தந்திகளைத் தளர்த்துவோம், முழுவதும் அல்ல, குதிரை நழுவாமல் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு. தந்திக்கும் தண்டிமேல் பதித்த உலோக மெட்டுக்கும் நடுவே ஒரு நீளமான ஃபோம் பட்டை. தந்தியை முறுக்கும் பிரடைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றுவோம். அப்புறம் மூன்று தாங்கிகள்: குடத்துக்கு அதன் வளைவிலேயே வெட்டிய கட்டி ஃபோம் ஒன்று, தண்டிக்கு இரண்டு. யாளி எதன்மேலும் படக்கூடாது, அது அந்தரத்தில் நிற்க வேண்டும். சுற்றிலும் குறைந்தது மூன்று விரல் கனம் ஃபோம். கடைசியில் பெட்டியை மூடி, நான்கு பக்கமும் புரட்டி, காதை வைத்துக் கேட்போம். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தாலும் திறந்து மறுபடி கட்டுவோம்.

பெட்டி பிளைவுட்டாக இருக்கட்டும். சாதா மரச்சட்டத்தில் பெட்டி அடித்தால், மரப் பெட்டிகளுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி வரும். மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து, அதற்கான முத்திரை குத்தியிருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு அது வேண்டாம். ஆனால் ஆசாரி பிளைவுட் பெட்டிக்கு அடியில் இரண்டு கட்டை மரச்சட்டம் அடித்துவிடுவார், அதைக் கவனியுங்கள்.

மறக்கக்கூடாத இன்னொன்று: அளவு நாடாவைத் தண்டியோடு ஒட்டி வைத்து, 24 மெட்டுகளையும் தெளிவாகப் படம் எடுத்துவையுங்கள். மெட்டுகள் தேன்மெழுகில் உட்கார்ந்திருப்பவை. சித்திரை வெயிலில் விமான நிலையத் தரையில் பெட்டி இரண்டு மணி நேரம் கிடந்தால் மெழுகு இளகி மெட்டு நகரும். அங்கே மேளம் கட்டத் (மெட்டுகளைச் சுருதிப்படி மெழுகில் பதிக்கத்) தெரிந்தவர் கிடைப்பது அரிது, கிடைத்தால் அவருக்கு அந்தப் படம் உதவும். முடிந்தால் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கூடவே விமானத்தில் எடுத்துக்கொண்டு போகலாமே?

வயலின், புல்லாங்குழல் கைப்பையாகப் போகும். அமெரிக்க விமான நிறுவனங்கள், மேலே இடம் இருந்தால் சிறிய வாத்தியத்தை உள்ளே ஏற்றிக்கொண்டே ஆக வேண்டும் என்று 2015 முதல் அந்த நாட்டில் விதி இருக்கிறது. மற்ற நாட்டு நிறுவனங்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சீக்கிரம் ஏறுகிறவருக்குத்தான் மேல் அலமாரி. வீணை லக்கேஜில்தான் போகும். பல நிறுவனங்கள் மூன்று அளவுகளையும் கூட்டி 158 சென்டிமீட்டர் என்கின்றன. நம் பெட்டி 220. கூடுதல் அளவுக்குப் பணம் கட்டினாலும் சரக்கை விட மலிவாக முடியலாம், அதை முன்பே போனில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் நிற்கும்போது அந்த ஒரு மின்னஞ்சல்தான் பேசும்.

இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடலாமா? 'பரிசு' என்று எழுதினால் வரி இல்லையாமே?

பரிசுக்கு விலக்கு உண்டு, ஆனால் அளவைப் பாருங்கள்: பிரிட்டனில் 39 பவுண்டு, கனடாவில் 60 கனடா டாலர். அந்த விலைக்கு வீணை கிடையாது. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகையும் 2025 ஆகஸ்ட் 29 முதல் நின்றுவிட்டது. அங்கே வரி விகிதம் அடிக்கடி மாறுகிறது, அனுப்புகிற வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கனடாவின் ஒன்டாரியோ என்றால் 13 சதவீத விற்பனை வரியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

50,000 ரூபாய் வீணைக்கு 5,000 என்று எழுதினால், உடைந்தால் கிடைப்பதும் 5,000தான். நான் அப்படி எழுதித் தருவதில்லை. கஸ்டம்ஸ் வகைப்பாட்டு எண்ணையும் சரியாகப் போடுங்கள்: தந்தி வாத்தியம் 9202, காற்று வாத்தியம் 9205, தோல் வாத்தியம் 9206.

குடிபெயர்ந்து போகிறோம், சொந்த வீணைக்கும் வரியா?

பெரும்பாலும் இல்லை, ஆனால் முன்பே சொல்ல வேண்டும். கனடாவுக்கு முதன்முறை இறங்கும்போது பி.எஸ்.எஃப். 186 படிவத்தில் 'பின்னால் வரும் பொருட்கள்' பட்டியலில் வீணையை எழுதிவிடுங்கள். எழுத மறந்தால் அப்புறம் வாதாட வேண்டிவரும். பிரிட்டனுக்கு டி.ஓ.ஆர். 1 விண்ணப்பம். இரண்டு இடத்திலும் அது நீங்கள் வாசித்த வாத்தியமாக இருக்க வேண்டும், போகிற வாரம் வாங்கியதாக இருக்கக்கூடாது.

கச்சேரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறோம்.

ஒருவர் இருவர் என்றால், புறப்படும்போது விமான நிலையக் கஸ்டம்ஸில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பும்போது 'இது வெளிநாட்டில் வாங்கியதா?' என்ற கேள்வி எழாது. குழுவாகப் பல வாத்தியங்களோடு பல நாடு போனால் வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய் வர உதவும் ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் இருக்கிறது, இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு வழங்குகிறது. ஒரு வருடம் வரை செல்லும். பிணைத்தொகை கட்ட வேண்டும். கொண்டுபோனதை அங்கே விற்கவோ கொடுத்துவிட்டு வரவோ கூடாது. ரசிகர் ஒருவர் ஆசைப்பட்டார் என்று தம்புராவைக் கொடுத்துவிட்டு வந்த குழு ஒன்று பிறகு பட்ட பாடு எனக்குத் தெரியும்.

பழுது பார்க்கத் தஞ்சாவூருக்கு அனுப்பித் திரும்பப் பெற?

கிளம்பும் முன் அங்கேயே பதிவு செய்யுங்கள். அமெரிக்கா, கனடா இரண்டிலும் கஸ்டம்ஸில் அதற்கு வழி உண்டு. வீணைக்கு வரிசை எண் கிடையாதே என்று கேட்பார்கள். யாளியின் முகம், குடத்தின் வேலைப்பாடு, ஏதாவது ஒரு பழைய தழும்பு, மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்துக் காட்டுங்கள். இந்தியாவுக்குள் 'பரிசு' என்று எழுதி வரவழைக்க வேண்டாம், பரிசுப் பார்சலுக்கான சலுகை 2019 டிசம்பரிலேயே நின்றுவிட்டது. பழைய ஏற்றுமதி பில் இருந்தால் அதன் நகலைப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள்.

உடைந்து வந்தால் யார் பணம் தருவார்கள்?

இன்சூரன்ஸ் எடுக்காவிட்டால் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். விமானச் சரக்குக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு; ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். இங்கே மட்டும் தராசு எடைதான் கணக்கு, பணம் வாங்கும்போது போட்ட 40 கிலோ இல்லை! லக்கேஜாகப் போனால் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரை.

வாத்தியம் செய்தவரிடம் விலைமதிப்புக் கடிதம் வாங்கி முழு மதிப்புக்கும் இன்சூரன்ஸ் எடுங்கள். பெட்டி அடிபட்டிருந்தால் கையெழுத்து போடும் முன் அந்தத் தாளிலேயே 'பெட்டி சேதம்' என்று எழுதுங்கள். எழுத்தில் புகார் தர லக்கேஜுக்கு 7 நாள், சரக்குக்கு 14 நாள். 'ஊரிலிருந்து வந்ததும் திறந்து பார்க்கலாம்' என்று மூன்று வாரம் வைத்திருந்தவருக்கு ஒரு காசும் வரவில்லை.

புகாருக்கு நாள் குறைவு, சீக்கிரம் திறந்து பாருங்கள் என்கிறீர்கள். குளிரில் வந்த பெட்டியை உடனே திறக்கக்கூடாது என்றும் சொல்வார்களே, முரணாக இல்லையா?

ஒரு நாள் பொறுங்கள் என்கிறேன், மூன்று வாரம் இல்லை. பனியில் வந்த பெட்டியை ஹீட்டர் ஓடும் அறையில் சட்டென்று திறந்தால் மரத்தில் ஈரம் பூக்கும், பிறகு வேகமாக உலரும், தண்டியில் விரிசல் விடும். மூடிய பெட்டியை 24 மணி நேரம் அறைக்குள் வைத்துவிட்டுத் திறங்கள். திறப்பதை வீடியோ எடுங்கள். அதன் பிறகு அறையில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மிருதங்கத் தோலின் நடுவில் கறுப்பாக இருக்கும் கரணை வெடிப்பதும் பெரும்பாலும் இந்த வறட்சியால்தான்.

சுருதிப் பெட்டியையும் அதோடு வைத்துவிடலாமா?

பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். லித்தியம் பேட்டரி உள்ளேயே இருந்தால் தனி விதிகள் உண்டு, கையில் கொண்டுபோவது மேல்.

வந்து சேர்ந்த பிறகு பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். அதே வளைவில் வெட்டிய ஃபோம் அங்கே கிடைக்காது, என்றாவது பழுதுக்கு அனுப்பும்போது அதே பெட்டி வேண்டும். மாடியில் போட்டுவையுங்கள். நாங்கள் அனுப்பிய பெட்டிகளில் ஒன்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டில் நவராத்திரிக்கு முதல் கொலுப்படியாக இருக்கிறது. போன வருடம் படம் அனுப்பியிருந்தார்கள். மேலே வெள்ளை வேட்டி விரித்து மரப்பாச்சி வைத்திருந்தார்கள், ஓரத்தில் 'உடையும் பொருள்' ஸ்டிக்கர் தெரிந்தது.